அண்ணனுக்கு எந்தக் க, தம்பிக்கும் அந்தக் க

தமிழில் ஒரே ஒரு க தான். அதை வைத்துக்கொண்டு கடலுக்கும் போகலாம், தங்கமும் வாங்கலாம். கடலில் அது ஒரு மாதிரி ஒலிக்கும், தங்கத்தில் வேறு மாதிரி ஒலிக்கும். எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரு வம்பும் கிடையாது. இந்திக்காரர்களும் மராட்டிக்காரர்களும் அப்படி இல்லை. அவர்களிடம் நாலு க இருக்கிறது. (எதுக்குய்யா நாலு? யார் கேட்டா?) பெட்டியில் நாலு சட்டை இருந்தால் கல்யாணத்துக்கு எதைப் போடுவது என்று குழப்பம் வரும் இல்லையா? எனக்கும் வந்தது. நான் எடுத்துப் போட்ட சட்டையைப் பார்த்துத் தாராவியே ஒருநாள் முழுக்கச் சிரித்தது.

எனக்குச் சங்கரன்கோவில் பக்கம். பம்பாயில் பெண் எடுத்தேன். (மும்பை என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் அதற்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.) தரகர் என் பெருமையைச் சொல்ல வேறு எதுவும் அகப்படாமல், "பையனுக்கு இந்தி எழுதப் படிக்கத் தெரியும்" என்று சொல்லித்தான் அந்தச் சம்பந்தத்தை முடித்தார். அது பொய் இல்லை. தபாலில் பாடம் வரவழைத்து இந்தியில் முதல் பரீட்சை பாஸ் செய்தவன் நான். அந்தப் பரீட்சையில் பசுவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள், எழுதினேன். பசுவுக்குக் கால் எத்தனை, கொம்பு எத்தனை, அது நமக்கு என்ன தருகிறது என்று யாராவது இந்தியில் கேட்டால் இன்றைக்கும் பொரிந்து தள்ளுவேன். பசுவைத் தாண்டி ஒரு அடி வைத்தால் நான் ஊமை.

மாமனார் சண்முகம் தாராவி தொண்ணூறடி சாலையில் 'ஸ்ரீ கந்தா மெஸ்' நடத்துகிறார். சுத்த சைவம். முருகன்தான் அவருக்கு எல்லாம். மகளுக்கு வள்ளி என்று பெயர் வைத்ததோடு நிற்காமல், தோசைக்கல்லைக்கூட 'முருகா' என்று சொல்லித்தான் துடைப்பார். பம்பாய் இந்தி அவர் வாயில் அருவியாகக் கொட்டும், ஆனால் அந்த எழுத்தில் ஒன்றுகூடப் படிக்கத் தெரியாது. என் மனைவி வள்ளி நேர் எதிர். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இந்தி, மராட்டி, ஆங்கிலம் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு, தமிழைத்தான் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். குர்லாவில் ஒரு ஆபீசில் வேலை. இவர்கள் இருவருக்கும் நடுவில், எல்லாம் தெரிந்த மாப்பிள்ளையாக நான் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மாமா என்னை மரியாதையாகத்தான் நடத்தினார். "வாங்க மாப்ள, சாப்பிடுங்க மாப்ள" என்று எல்லாவற்றிலும் ஒரு 'ங்க' இருக்கும். ஆனாலும் என்னைக் கல்லாவில் உட்கார வைக்கலாமா, ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாமா என்று அவர் மனசுக்குள் ஒரு தராசு ஆடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கல்லாவில் உட்கார எனக்கு அப்படி ஒரு ஆசை. அந்த நேரத்தில்தான் முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வந்தார்.

நல்ல சாப்பாட்டு வேளை. மனிதர் உள்ளே வராமல் வெளியிலேயே நின்று எங்கள் போர்டை அண்ணாந்து பார்த்தார். மேலே தமிழ் பெரிதாக, கீழே ஆங்கிலம் சின்னதாக.

"மராட்டி குடே ஆஹே?" என்றார். மராட்டி எங்கே என்று கேட்கிறார்.

மாமா கரண்டியோடு ஓடினார். இருவரும் இந்தியில் பேசிக்கொண்டார்கள். மாநகராட்சி எல்லைக்குள் கடை வைத்திருப்பவர் கடையின் பெயரை மராட்டியில் எழுதியாக வேண்டும். மற்ற எழுத்தைவிட மராட்டி எழுத்து சின்னதாக இருக்கக் கூடாது. ஒரு வாரம் தவணை. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன், போர்டு இல்லையென்றால் அபராதம், அதற்கும் அசையாவிட்டால் கோர்ட்டு என்று விளக்கிவிட்டு, நீட்டிய டீயைக்கூட வேண்டாம் என்று சொல்லி, நோட்டீசைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த ஊரில் எனக்குப் புரிந்த முதல் அரசியல் இதுதான். டெல்லியில் போடுகிற சட்டம் பேப்பரில் வரும். முனிசிபாலிட்டி போடுகிற சட்டம் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கே வரும்.

மாமாவுக்கு வியர்த்துவிட்டது. அடுத்த மாதம் மெஸ்ஸின் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். இந்த நேரத்தில் வழக்கு, கிழக்கு என்று வந்தால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

"சரி, வள்ளி ஆபீஸ் விட்டு வரட்டும். அவகிட்ட எழுதி வாங்கிருவோம்" என்றார்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

"வள்ளி எதுக்கு மாமா? நான் ஒருத்தன் இருக்கேன்ல? மராட்டியும் இந்தியும் ஒரே எழுத்துதானே! விடுங்க என்கிட்ட" என்றேன்.

மாமா முகத்தில் தராசு என் பக்கம் சாய்ந்தது தெரிந்தது. "மாப்ள, உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றார். கல்லாவின் சாவிச் சத்தமே காதில் கேட்டது எனக்கு.

அன்று மத்தியானமே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தேன். 'ஸ்ரீ' சுலபம். 'மெஸ்' அதைவிடச் சுலபம். நடுவில் கந்தன் நின்றான். க. எந்தக் க? நாலில் இரண்டைப் பார்த்தாலே பயமாக இருந்தது, தள்ளிவிட்டேன். மிச்சம் இரண்டு. ஒன்று கடல் க, இன்னொன்று தங்க க. வள்ளிக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். (போட்டால் என் இந்தி என்ன ஆவது?) யோசித்துக்கொண்டே தெருமுனை வரை நடந்தேன். அங்கே போன வருஷத்துப் பிள்ளையார் பந்தல் பேனர் வெளுத்துப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. கணபதி என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. கணபதி யார்? கந்தனுக்கு அண்ணன். அண்ணன் பெயருக்கு எந்தக் கவோ, தம்பி பெயருக்கும் அந்தக் க தானே? ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே க! தமிழில் அப்படித்தானே எழுதுகிறோம்? போதாததற்கு அந்த எழுத்து எனக்கு நன்றாகத் தெரிந்த எழுத்து. பசுவுக்கு இந்தியில் 'காய்' என்பார்கள், அதற்கும் இதே தங்க க தான். பிள்ளையாரும் பசுவும் சேர்ந்து கைகாட்டிய எழுத்து தப்பாகுமா? பேனரைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டேன்.

அந்த எழுத்தைப் போட்டால் அந்த வார்த்தைக்கு இந்தியில் 'அழுக்கு' என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாது. என் பசு சுத்தமான பசு, அந்தக் கட்டுரையில் அழுக்கு என்ற சொல்லே கிடையாது.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் பேப்பரை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பேப்பரைப் பார்த்தார்.

"பாய்சாப், யே பக்கா?"

"பக்கா" என்றேன்.

"கந்தா? கந்தா ஹீ லிக்னா ஹை?" கந்தா என்றேதான் எழுத வேண்டுமா என்று கேட்கிறார்.

"ஹாங் ஜி, கந்தா! மேரா மாமனார்... சஸூர்... பஹுத் சால் ஸே கந்தா!" என் மாமனார் பல வருஷமாகக் கந்தா என்று விளக்கினேன்.

அவர் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, 'இதுவா?' என்பதுபோல் தலையை ஆட்டிக் கேட்டார். வடக்கே முருகனை இப்படித்தான் மூச்சடக்கிக் கும்பிடுவார்கள்போல என்று நினைத்து, நானும் பயபக்தியோடு என் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது அவர் கம்ப்யூட்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தோள் இரண்டும் குலுங்கின. முருக பக்தி மனிதரை இப்படி உலுக்குகிறதே என்று எனக்கும் கண் கலங்கியது.

ஃப்ளெக்ஸ் வந்தது. சிவப்பு நிறத்தில், கடை அகலத்துக்கு. மராட்டி எழுத்து ஒவ்வொன்றும் என் கை நீளம். எல்லோரையும் அசத்த வேண்டும் என்று வள்ளிக்குக்கூடக் காட்டாமல் பழைய பேப்பரைச் சுற்றி மறைத்து வைத்தேன். வெள்ளிக்கிழமை கிருத்திகையாகவும் அமைந்துவிட்டதில் மாமாவுக்கு ஏக சந்தோஷம். வள்ளி காலை லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடின பிறகு போர்டை மாட்டி, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பேப்பரைக் கிழித்தோம்.

எங்கள் தெருப் பெரியவர்கள் கைதட்டினார்கள். அவர்களும் மாமா மாதிரிதான், தமிழ் எழுத்து மட்டும் தெரியும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று சத்தம்போட்டுச் சிரித்தன. புதுசாக ஒன்றைப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் வரத்தானே செய்யும்? நானும் சிரித்துக் கையசைத்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார். அவருக்கும் கையசைத்தேன்.

"மாப்ள, பாத்தியளா கூட்டத்த! எல்லாம் உங்க கைராசி" என்று மாமா என் தோளைத் தட்டிவிட்டு, வாழை இலையும் காய்கறியும் வாங்க மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனார். போகும்போது, "கல்லாவப் பாத்துக்கிடுங்க" என்று சாவியை என் கையில் கொடுத்தார். ஆமாம், கொடுத்தேவிட்டார்! அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு இரண்டு இஞ்ச் உயரம் கூடியிருந்தது.

வாசலில் கூட்டம், உள்ளே ஈ ஓட்டினோம். வந்தவர்கள் எல்லாம் போர்டுக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்களே தவிர, ஒருவர்கூடச் சாப்பிட உட்காரவில்லை. தோல் பட்டறையில் வேலை செய்கிற வடக்கத்திக்காரர் ஒருவர் மட்டும் வாசப்படி வரை வந்து தயங்கினார்.

"பாய், சச்மே கந்தா ஹை க்யா?" நிஜமாகவே கந்தாவா என்று கேட்டார்.

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. "ஹாங் ஜி! பில்குல் கந்தா! அந்தர் ஆவோ, அந்தர் பீ கந்தா!" என்று உள்ளே மாட்டியிருந்த முருகன் படத்தைக் காட்டினேன். "கிச்சன் மே பீ கந்தா! ஹர் ஜகா கந்தா!" உள்ளேயும் கந்தா, அடுக்களையிலும் கந்தா, எங்கே பார்த்தாலும் கந்தா என்று அடுக்கினேன்.

அந்த மனிதர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

பிற்பகலில் இன்ஸ்பெக்டர் சாஹேப் வந்தார். போர்டைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். டேப்பை எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, எழுத்தின் உயரத்தை அளந்தார். மராட்டி எழுத்தா? ஆம். பெரிதா? மிகப் பெரிது. அந்தச் சமயம் பார்த்து மாமா வாழை இலைக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஸ்டூலில் நின்றபடியே இன்ஸ்பெக்டர் போர்டை நிதானமாக, உரக்க, ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். அந்த க தங்கம் மாதிரி கணீரென்று விழுந்தது.

மாமாவுக்கு எழுத்துதான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். வாழை இலைக் கட்டு தரையில் விழுந்தது.

"என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?" என்றார்.

எங்கள் பக்கத்தில் 'நீங்க' என்பது 'நீரு' ஆகிவிட்டால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. என் இரண்டு இஞ்ச் அந்த நிமிஷமே போய்விட்டது. மாமா கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

"தோசைக்கல்ல முருகா முருகான்னு தொடச்சவன் கடைய, அழுக்குன்னு எழுதிட்டீரே! அதுவும் முழ நீளத்துக்கு!"

இன்ஸ்பெக்டர் பாவம், நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என் சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது. மராட்டி இருக்கிறதா, பெரிதாக இருக்கிறதா, அதுதான் என் வேலை. எழுதியிருப்பது உண்மையா என்று பார்ப்பது வேறு டிபார்ட்மெண்ட்" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அந்த டிபார்ட்மெண்டே வந்து நின்றது. சுகாதாரத் துறை மேடம். காலையிலிருந்து எங்கள் போர்டு ஃபோன் ஃபோனாகச் சுற்றி அவர் ஃபோனுக்கும் போயிருக்கிறது.

"கடைக்காரரே போர்டு எழுதி ஒப்புக்கொண்ட கேஸை நான் இதுவரை பார்த்ததில்லை. வந்து பார்க்காமல் எப்படி இருக்க முடியும்?" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனார். பாத்திரங்களைத் திறந்து பார்த்தார், தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தார், அடுப்புக்குக் கீழே குனிந்து பார்த்தார். மாமாவின் அடுக்களையில் அழுக்கு என்று ஒன்று இருந்தால் அது அன்றைக்கு நான் மட்டும்தான். வெளியே வந்தவர், "கிச்சன் சச்சா, போர்ட் ஜூட்டா", அதாவது கிச்சன் நிஜம், போர்டு பொய் என்று தீர்ப்புச் சொன்னார். சாப்பாட்டுக் கடையில் இப்படி ஒரு போர்டு தொங்கக் கூடாது, உடனே இறக்குங்கள் என்றார்.

"இறக்கினால் மராட்டி போர்டு இல்லாத கடை. இன்றுதான் கடைசி நாள், நான் கேஸ் எழுத வேண்டிவரும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இறக்காவிட்டால் நான் எழுதுவேன்" என்றார் மேடம்.

ஏற்றினால் ஒரு சட்டம், இறக்கினால் ஒரு சட்டம். இரண்டும் ஒரே முனிசிபாலிட்டி. மாமா நடுவில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். புதுப்பிக்க வேண்டிய லைசென்ஸ் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து அவர் கண்ணில் நீர் முட்டியது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது சங்கரன்கோவிலுக்கு ஒரு ரயில் வந்து நின்றிருந்தால் டிக்கெட் இல்லாமலே ஏறியிருப்பேன்.

ரயில் வரவில்லை, வள்ளி வந்தாள். அவள் ஆபீஸ் வாட்ஸாப் குரூப்பில் காலையிலேயே படம் வந்துவிட்டதாம். 'ஸ்ரீ அழுக்கு மெஸ்' என்ற போர்டு, அதன் கீழே பல் தெரியச் சிரித்துக் கையசைத்துக்கொண்டு நான். "யார் இந்தக் கோமாளி?" என்று எல்லோரும் கேட்டபோது, தெரியாது என்று சொல்லிவிட்டு அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறாள்.

"ஏங்க, ஒரு ஃபோன் பண்ணக்கூடாதா? ஒரே ஒரு ஃபோன்!"

"கணபதிக்கு அந்தக் க தானே வள்ளி..." என்று ஆரம்பித்தேன்.

"கணபதிக்கு அந்தக் க. கந்தனுக்கு வேற க!"

"அண்ணன் தம்பி இல்லையா?"

அவள் என்னையே பார்த்தாள். கோபத்தில் மூச்சு வாங்கினாள். அப்புறம் அவள் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அவளைப் பார்த்து மேடம் சிரித்தார், மேடத்தைப் பார்த்து இன்ஸ்பெக்டர் அடக்கிவைத்திருந்ததை எல்லாம் கொட்டினார். மாமா மட்டும் சிரிக்கவில்லை.

சிரித்து முடித்து வள்ளி எழுந்தாள். முருகன் காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, அதன் வெள்ளைப் பக்கத்தில் பெரிதாகக் கடல் கவை எழுதினாள். அடுக்களையிலிருந்து ஒரு பிடி சோற்றை எடுத்து மசித்துத் தடவி, ஸ்டூலில் ஏறி, என் கவின் மேல் அவள் கவை ஒட்டினாள். இறங்கி, "இப்ப ஓகேவா சாஹேப்?" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வாசித்தார். மறுபடி அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. மராட்டியில் 'காந்தா' என்றால் வெங்காயம். எங்கள் போர்டில் ஒரு கோடு குறைந்தாலும், அந்தத் தெருவில் போகிற எந்த மராட்டிக்காரரும் அப்படித்தான் வாசிப்பார் என்றார்.

"அப்ப நம்ம கடை வெங்காய மெஸ்ஸா?" என்று மாமா ஈனக் குரலில் கேட்டார்.

மேடம் யோசித்தார். "வெங்காயம் எந்தச் சட்டப்படியும் குற்றமில்லை" என்றார். இன்ஸ்பெக்டர் ஆமோதித்துக் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் பிழைத்தது.

மறுநாளிலிருந்து ஆட்கள் வந்து உட்கார்ந்து "காந்தா பஜ்ஜி" கேட்க ஆரம்பித்தார்கள். போர்டே சொல்கிறதே! இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் மாமா ஒருநாள் போட்டுப் பார்த்தார். மழைக்காலமும் பிறந்துவிட்டது. இன்றைக்குத் தாராவியில் மழை தூறினால் எங்கள் வாசலில் வரிசை நிற்கும். நல்ல போர்டு பிறகு வைத்தோம், வள்ளி எழுதியது. ஆனாலும் ஊருக்கு அது வெங்காய மெஸ்தான், நான் வெங்காய மாப்பிள்ளைதான். கல்லாவில் வள்ளி உட்கார்ந்திருக்கிறாள். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டாள். எனக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா?

"போர்டுல வெங்காயத்த ஏத்துனது நீரு. உரிக்கதும் நீருதான்" என்று மாமா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

பழைய ஃப்ளெக்ஸை அவர் தூக்கிப் போடவில்லை. மழைக்காலத்தில் எங்கள் வீட்டு மாடித் தகரத்துக்கு அதுதான் போர்வை. முதல் மழையிலேயே சோற்றுப் பசை கரைந்து காலண்டர் தாள் மிதந்து போய்விட்டது. என் க மட்டும் சாயம் போகாமல் சிவப்பாக மின்னுகிறது.

போன வாரம், இப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும் என் மகள், மழைக்கு மெஸ் வாசலில் நின்றுகொண்டு எதிர்ச் சந்தில் எங்கள் வீட்டு மாடியை அண்ணாந்து பார்த்தாள். திடீரென்று குதித்தாள்.

"தாத்தா! அந்த எழுத்து எனக்குத் தெரியும்! கணபதிக்கு வர்ற க!"

மெஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு, இத்தனை வருஷம் அடக்கிவைத்ததை எல்லாம் சேர்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அப்பன் மூளை அப்படியே இறங்கியிருக்கு தாயி" என்று அவளைத் தூக்கிக்கொண்டார். சிரித்த முகத்தோடு என் பக்கம் திரும்பி, "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றார்.

வாங்க! 'ங்க'! எனக்குக் கண் நிறைந்துவிட்டது. (வெங்காயத்தால் இல்லை, சத்தியமாக.) உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் இருந்து குடையை மடக்கிக்கொண்டு ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"நீரு என்னத்துக்குவே எந்திச்சீரு?" என்றார் மாமா. "உரியும்."